கிளாசிக் காதல் நாவல்களைத் தொடராக எடுக்கும்போது நடிகர் தேர்வு சரியா தவறா என்று எப்படி எடைபோடுவது?

கேட்டவர் சொல்வது இது: நாவலைப் படித்த சூட்டோடு, ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையை 1995இல் பிபிசி எடுத்த தொடரின் ஆறு எபிசோடையும் பார்த்திருக்கிறார். ஒரு முகம்கூட மனதில் இருந்த முகத்தோடு ஒட்டவில்லை. ஊரே கொண்டாடும் தொடராயிற்றே, கோளாறு தன் ரசனையிலா, நடிகர் தேர்விலா என்று குழம்புகிறார்.

ரசனையில் கோளாறு இல்லை. நடிகர் தேர்வு, நடிப்பு, வசனம், எடிட்டிங் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, நாயகனைக் காட்டி “டார்சி சரியில்லை” என்று சொல்லிவிடுகிறோம். மூட்டையை அவிழ்த்தால் பாதி நேரம் பழி வேறு ஆள் தலையில் போய் விழும். ஆஸ்டினைக் கரைத்துக் குடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எந்த டார்சி உசத்தி என்ற பட்டிமன்றத்துக்கு நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை.

முதல் வேலை, நாவலில் இருப்பதை மட்டும் ஒரு தாளில் குறிப்பது. நாயகி எலிசபெத் பென்னட்டுக்கு 21 நிறையவில்லை. டார்சிக்கு 28, ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. எலிசபெத்தின் தோழி ஷார்லட்டுக்கு 27, அவளை மணக்கும் பாதிரியார் காலின்ஸுக்கு 25, எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியாவுக்கு 15. முக வர்ணனை என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். டார்சி உயரம், களையான முகம். எலிசபெத்துக்கு அழகான கரிய கண்கள், இலேசான உடல்வாகு. அவள் அங்க அமைப்பில் குறை ஒன்றுக்கு மேல் இருப்பதாக முதலில் கணக்கெடுப்பவனே டார்சிதான். மிச்ச முகமெல்லாம் நாம் வரைந்துகொண்டது. அதைக் கொண்டுவந்து தரவில்லை என்று நடிகர் மேல் வழக்குப் போட முடியாது.

முகத்தைச் சொல்லாத ஆஸ்டின் ஒப்பீட்டை மட்டும் கறாராகச் சொல்கிறார்: அந்த வீட்டில் பேரழகி எலிசபெத்தின் அக்கா ஜேன். தேர்வு அதிகம் சறுக்குவது இங்கேதான். கதாநாயகி என்ற ஒரே காரணத்துக்காக எலிசபெத்துக்குக் கண்ணைப் பறிக்கும் நடிகையைப் போட்டுவிட்டால், முதல் நடனத்தில் டார்சி “சுமார்தான்” என்று ஒதுக்குவது கர்வமாகத் தெரியாது, கண் பார்வைக் கோளாறாகத் தெரியும். 2005 திரைப்படத்தில் கீரா நைட்லியைப் பார்த்து அவன் அப்படிச் சொல்லும்போது நாம்தான் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நம்ப வேண்டியிருக்கிறது. 1995இல் ஜெனிஃபர் ஈலியின் முகம் சும்மா இருக்கும்போது சாதாரணமாக இருக்கிறது, பேச ஆரம்பித்ததும் கண் பிரகாசிக்கிறது. டார்சி மனம் மாறும் வரிசையே அதுதான், நமக்கும் அதே வரிசையில் நடக்கிறது. பக்கத்தில் சூசன்னா ஹார்க்கரின் ஜேன் பளிங்குச் சிலை மாதிரி அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். “ஜேன் அவ்வளவு அழகா?” என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. அவர்கள் இன்றைய அழகை வைத்துப் பார்க்கிறார்கள்.

வயதுக்கு வருவோம். பிறந்த தேதியைத் தேடி எடுத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. லிடியாவாக நடித்த ஜூலியா சவால்ஹா 1968இல் பிறந்தவர், அக்கா எலிசபெத்தாக நடித்த ஈலி 1969இல். கடைக்குட்டி அக்காவைவிட மூத்தவர்! ஆனால் யாருக்கும் உறுத்துவதில்லை. அவர் மாடிப்படியில் இறங்கும் வேகமும், எதிலும் நிலைகொள்ளாத உடம்பும், பேச்சுக்கு முன்னே வந்துவிடும் சிரிப்பும் 15 வயதை நம்ப வைத்துவிடுகின்றன.

அதே தொடரில் காலின்ஸ் வேறு கணக்கு. நாவலில் அவன் 25 வயது இளைஞன். தலைக்கனமும் குழைவும் சேர்ந்த ஆள். டேவிட் பேம்பர் அப்போது நாற்பதை ஒட்டியவர். எண்ணெய் தடவிய தலையும் குனிந்த முதுகுமாக அவர் வந்தாலே சிரிப்பு வருகிறது. நடிப்பில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேர்வு கதையின் ஒரு கணுவை மாற்றிவிட்டது: ஷார்லட் மணந்தது தன்னைவிட இரண்டு வயது இளைய, எதிர்காலம் உள்ள ஒரு மடையனை. திரையில் அது கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட பாவப்பட்ட பெண்ணின் கதையாகத் தெரிகிறது. நடிப்பு அருமை, தேர்வு கேள்விக்குரியது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், முரண்பாடு இல்லை.

எலிசபெத்தின் அம்மா திருமதி பென்னட்டுக்கும் இதே கதி. கல்யாணமாகி 23 ஆண்டு என்கிறது நாவல், அப்படியானால் நாற்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். வழக்கமாகக் கிழவியாக்கிவிடுகிறார்கள். ஆலிசன் ஸ்டெட்மன் அப்போது நாற்பதுகளின் பின்பாதியில் இருந்தார்; ஆனாலும் ஒரு காலத்தில் சிப்பாய்ச் சட்டையைப் பார்த்து மயங்கியவர் என்பதை அந்தக் கீச்சுக் குரலுக்கு அடியில் கேட்க முடிகிறது. “கத்துகிறார், காது வலிக்கிறது” என்பது அவர் மேல் பழைய புகார். அந்த அம்மாளின் கத்தலைக் கேட்டு டார்சிக்கு முகம் சுளிக்காவிட்டால் கதையே நகராது. தலைவலி வரத்தான் வேண்டும்.

வயதை விட்டு விலகினால் அதற்கு ஈடாகத் திரைக்கதை ஏதாவது கொடுத்ததா என்று பாருங்கள். ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் 35 வயது பிராண்டன் ஃபிளானல் உள்சட்டை போடுகிறார் என்பதற்கே, 17 வயது மரியான் அவரைக் கிழம் என்று தள்ளுகிறாள். இன்று 35 யாருக்கும் கிழமில்லை. அதைத் தழுவிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படத்தில் பிராண்டன் இடத்தில் வரும் மம்மூட்டியின் மேஜர் போரில் காலை இழந்தவர், கசந்துபோனவர். உள்சட்டை செய்த வேலையை அந்தக் கால் செய்கிறது.

இன்னொரு கண்ணி, டார்சியைப் பற்றி எலிசபெத்திடம் பொய் சொல்லும் வசீகரமான அதிகாரி விக்கம். அவனைப் பார்த்தவுடன் “இவன் வில்லன்” என்று தோன்றினால் அந்தத் தேர்வு தோல்வி. பார்ப்பவரும் எலிசபெத்தோடு சேர்ந்து ஏமாற வேண்டும், இல்லாவிட்டால் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் முட்டாளாகிவிடுவாள். எந்தத் தொடரை எடுத்தாலும் நாயகனுக்கு முன் இந்த ஆளைப் பாருங்கள். இவனைச் சரியாகப் போட்ட குழு மற்றவர்களையும் யோசித்தே போட்டிருக்கும்.

இனி நடிப்பு. பலருக்குத் தெரியாத ஒரு தொல்லை இதில் இருக்கிறது. ஆஸ்டின் உச்சக் காட்சிகளில் வசனத்தை மறைத்துவிடுவார். காலின்ஸின் ஊரான ஹன்ஸ்ஃபர்டில் டார்சி முதன்முறை காதலைச் சொல்லும் இடத்தில் நேர்ப் பேச்சாக இருப்பது தொடக்கத்து இரண்டு மூன்று வரிதான். அதன்பின் “நன்றாகவே பேசினான், ஆனால் இதயம் தவிர வேறு உணர்ச்சிகளும் விவரிக்க இருந்தன” என்ற பாணியில் கதைசொல்லி சுருக்கிவிடுகிறார். இரண்டாம் முறை அவள் சம்மதிக்கும் இடமும் அப்படியே. அவருடைய ‘எம்மா’ நாவலில் இன்னும் குறும்பு: அவள் என்ன பதில் சொன்னாள்? சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள் என்று முடித்துவிடுகிறார். ஆகவே அங்கெல்லாம் நடிகர் பேசுவது திரைக்கதை ஆசிரியர் எழுதியது. 1995 தொடருக்கு ஆண்ட்ரூ டேவிஸ், இதே நாவலை பிபிசி எடுத்த 1980 தொடருக்கு ஃபே வெல்டன். காதல் சொல்லும் காட்சி தட்டையாக இருந்தால் முதலில் புத்தகத்தைத் திறந்து, வசனம் யாருடையது என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட வசனத்துக்கு நடிகரைத் திட்டுவது, குழம்பில் உப்பு இல்லை என்று பரிமாறியவரைத் திட்டுவது போல.

அந்தக் காட்சியில் நடிகருக்கு உரிய பங்கு வேறு. டார்சி உள்ளே வந்து கொஞ்சம் உட்கார்கிறான், எழுகிறான், அறைக்குள் நடக்கிறான், பேசுவதில்லை. இது நாவலிலேயே இருக்கிறது. 1995 தொடரில் டார்சியாக வரும் காலின் ஃபர்த் அந்த மௌனத்தை எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள். சொல்லிவிட்டால் அவள் சம்மதிப்பாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை, சொல்லலாமா என்பதில்தான் போராட்டம். இந்த வேறுபாட்டைக் காட்டாத நடிகர் வெறும் கூச்ச சுபாவக்காரனைக் காட்டுவார். பின்னால் வந்த பல டார்சிகள் கூச்ச சுபாவக்காரர்கள்தான்.

ஏரியில் குளித்த காட்சி. இதைத் தொடாமல் போனால் யாரும் விடமாட்டார்கள். நாவலில் அது இல்லை. இணையத்தில் சுற்றும் துண்டுப் படங்கள் ஈரச் சட்டையோடு முடிந்துவிடுகின்றன. நடிப்பு தொடங்குவது அதற்குப் பிறகு. எதிரே எலிசபெத் நிற்கிறாள், “உங்கள் பெற்றோர் நலமா” என்று அவன் கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள், பதில் காதில் விழாதவனாய் அதையே மறுபடியும் கேட்கிறான். கேள்வி கேட்டுத் தடுமாறுவது நாவலில் உள்ளது. பத்தாயிரம் பவுண்டுக்காரன் முதல்முறையாகப் பேச்சில் இடறுகிறான். சட்டையைப் பார்த்தவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

ஆனால் எனக்கு நடிப்பின் உரைகல் பேசுபவர் அல்ல, கேட்பவர். டார்சியின் மாளிகையான பெம்பர்லியில், பியானோ அருகே, அவன் நண்பனின் தங்கை கரோலின் பிங்லி விக்கம் பெயரை இழுக்கிறாள், டார்சியின் தங்கை தடுமாறுகிறாள், எலிசபெத் சட்டென்று தாள் புரட்டும் சாக்கில் அவளைக் காப்பாற்றுகிறாள். அடுத்து அறையின் இரு பக்கமிருந்து இருவரும் பார்த்துக்கொள்வது மட்டுமே. வசனம் கிடையாது. புத்தகத்தில் இது பகல்நேரச் சந்திப்பு, பியானோவும் இல்லை. அந்தப் பார்வையில் ஃபர்த்திடம் நன்றி தெரிகிறது, ஈலியிடம் தயக்கம் கலையத் தொடங்குவது தெரிகிறது. ஊர் பேசுவது ஃபர்த்தைப் பற்றி. சிறந்த நடிகைக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை வாங்கியது ஈலி.

பழைய தொடர்களைப் பார்க்கும்போது ஒரு கழிவு கொடுக்க வேண்டும். 1980 தொடரில் டேவிட் ரின்டூல் மரக்கட்டை மாதிரி நிற்கிறார் என்று சிரிப்பவர்கள் அதிகம். அந்தக் காலத்தில் பிபிசி உட்புறக் காட்சிகளை ஸ்டூடியோவில் பல கேமரா வைத்து வீடியோவில், நீளநீளமாக எடுத்தது. குரல் மேடைக்கு உரியது, அசைவு குறைவு. 1995 தொடர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது, இமை அசைந்தாலும் பிடிக்கும். இந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ரின்டூலின் விறைப்பு நாவலின் முதல் பாதி டார்சிக்கு மிக நெருக்கம் என்று வாதாடலாம். இரண்டாம் பாதியில் இளகுவது போதவில்லை, அது உண்மையான குறை. அதில் எலிசபெத்தாக வரும் எலிசபெத் கார்வியின் அடங்கிய புன்னகையை மட்டும் தயவுசெய்து கிண்டல் செய்யாதீர்கள்.

‘ஜேன் அயர்’ எடுப்பவர்களுக்குத் தலைகீழ்ச் சிக்கல். “நான் அழகனா?” என்று நாயகன் ரோச்செஸ்டர் கேட்க, “இல்லை, ஐயா” என்பாள் நாயகி ஜேன். 1983 தொடரில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் டிமதி டால்டன். அந்த மனிதரைப் பார்த்து இல்லை என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் நாவலாசிரியை சார்லட் பிரான்டேயின் நீண்ட வாக்கியங்களை மூச்சு முட்டாமல், யோசித்துப் பேசுவது போலச் சொல்ல அவரால் முடிந்தது. பதினொரு எபிசோட் அதற்கு இடமும் கொடுத்தது. 2006இல் ரூத் வில்சனும் டோபி ஸ்டீவன்ஸும் நடித்த தொடர் நான்கே எபிசோட். அங்கே பேச்சு குறைந்து உடல் நெருக்கம் கூடியதை நடிகர்களின் பாணி என்று நினைக்க வேண்டாம், இருக்கிற நேரம் அவ்வளவுதான். ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ நாவலை 1995இல் எடுத்தபோது நாயகியாக வரும் அமாண்டா ரூட் முதல் அரை மணி நேரம் அதிகம் வாயே திறப்பதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்கும் நடிப்புக்கு அதைவிடப் பாடம் கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு புலம்பல்: திரையின் அடியில் ஓடும் வசன வரிகள் (சப்டைட்டில்). படிக்கும் வேகத்துக்காகச் சுருக்குகிறார்கள், சரி. ஆனால் ஆஸ்டினின் குத்தல் எப்போதும் வாக்கியத்தின் வாலில் இருக்கும். வெட்டுவதும் அந்த வாலைத்தான். திரு. பென்னட் வெறும் சோம்பேறி அப்பாவாகத் தெரிவதற்கு அதுவும் காரணம். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’ வேறு. மரியாதையும் அவமதிப்பும் குரலில் மட்டும்தான் இருக்கின்றன. மனதுக்குள் தமிழாக்கிக் கேட்பவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: தோட்டத்தில் டார்சியின் சித்தி லேடி கேத்தரின் எலிசபெத்தை மிரட்டும்போது உங்கள் காதில் “நீ” என்று விழ வேண்டும், எலிசபெத் பதிலில் “நீங்கள்” குறையவே கூடாது, ஆனால் பணிவும் இருக்கக் கூடாது. அப்படி விழுந்தால் இரு நடிகைகளும் தேறிவிட்டார்கள்.

மறுபடி பார்க்கப் பொறுமை இருந்தால் ஆறு எபிசோடும் வேண்டாம். ஹன்ஸ்ஃபர்ட் காட்சியை மட்டும் மூன்று தடவை போடுங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு: யார் யாரை நெருங்குகிறார்கள், யார் விலகுகிறார்கள் என்று புரிகிறதா? இரண்டாம் தடவை திரைக்கு முதுகைக் காட்டி, குரலை மட்டும் கேட்டு: கோபம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று விரல் வைக்க முடிகிறதா? மூன்றாம் தடவை வசன வரிகளை நிறுத்திவிட்டு, பேசுபவரை விட்டு எதிரே இருப்பவரை மட்டும் பாருங்கள். டார்சி அவள் குடும்பத்தின் தாழ்வை எடுத்துச் சொல்லும்போது ஈலியின் முகத்தில் என்ன ஓடுகிறது என்று கவனித்த பிறகும் அவர் எலிசபெத் இல்லை என்று தோன்றினால், உங்களுக்கு அந்தத் தேர்வு பிடிக்கவில்லை, அதில் தப்பே இல்லை.