ஐஸ் ஹாக்கியில் பொது மேலாளர் ஆவது எப்படி? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். என் மகனுக்கு வயது 19. பத்து வருஷம் ஐஸ் ஹாக்கி ஆடிவிட்டு, மேல்மட்டத்துக்குப் போக உடம்பு இடம் தராது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டான். இப்போது விளையாட்டு மேலாண்மை படிக்கிறான், கூடவே புள்ளியியல். என்றாவது ஒரு என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) அணிக்குப் பொது மேலாளராகி, வீரர்களைச் சேர்ப்பதையும் ஒப்பந்தங்களையும் தானே பார்க்க வேண்டும் என்கிறான். எனக்குத் தெரிந்தவரை அந்த நாற்காலியில் முன்னாள் வீரர்கள்தான் உட்காருகிறார்கள். வெளியாளுக்கு அங்கே வழி உண்டா? இந்தப் படிப்பு உதவுமா? முதல் வேலையை எங்கே தேடுவது? அவனை ஊக்கப்படுத்துவதா, வேறு பக்கம் திருப்புவதா என்று புரியாமல்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
ந.

அன்புள்ள ந.,

வெளியாளுக்கு வழி உண்டு. ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தங்களையும் நாட்களையும் எண்ணுவது. அந்தக் கணக்கில் வருஷக்கணக்காக ஊறியவர்களைத்தான் கடைசியில் கூப்பிடுகிறார்கள். இதை உங்கள் மகன் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியை 1997 முதல் 2019 வரை நடத்திய கென் ஹாலண்ட், கோல்கீப்பராக என்ஹெச்எல்லில் ஆடியது 4 ஆட்டங்கள். 1985-ல் மேற்குக் கனடாவுக்கு ஸ்கவுட்டாக, அதாவது ஆட்டங்களைப் பார்த்து இளம் வீரர்களை மதிப்பிடுபவராக, சேர்ந்தார். இளம் வீரர் தேர்வுக்குப் பொறுப்பேற்று, உதவிப் பொது மேலாளராகி, அதன் பிறகே மேலாளர் ஆனார். அவர் காலத்தில் 1998, 2002, 2008 என மூன்று ஸ்டான்லி கோப்பைகள்; என்ஹெச்எல் சாம்பியனுக்குக் கிடைப்பது அது. அதே டெட்ராய்ட்டின் 1980-களின் அணியைக் கட்டிய ஜிம் டெவெல்லானோ, 1967-ல் செயின்ட் லூயிஸ் அணிக்குச் சம்பளமில்லாமல் ஆட்டம் பார்த்து அறிக்கை எழுதித் தொடங்கியவர். டாம்பா பே அணிக்கு 2020, 2021 கோப்பைகளை வென்று தந்த ஜூலியன் பிரிஸ்புவா வக்கீல். ஃப்ளோரிடா பாந்தர்ஸின் பில் ஸிட்டோ வீரர்களின் ஏஜென்ட்டாக இருந்தவர்; அவர் கட்டிய அணி 2024, 2025 இரண்டு வருஷமும் கோப்பையை எடுத்தது. கரோலினாவின் எரிக் டல்ஸ்கி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

நட்சத்திர வீரர்களும் வருகிறார்கள், மறுக்கவில்லை. ஸ்டீவ் ஐஸர்மன் கேப்டனாக மூன்று கோப்பை வென்றவர். 2006-ல் ஓய்வு பெற்ற அவரும் உடனே நாற்காலியில் உட்காரவில்லை. நாலு வருஷம் டெட்ராய்ட்டில் துணைத் தலைவராக ஹாலண்டின் பக்கத்தில் இருந்து தொழில் கற்றுக்கொண்டு, 2010-ல்தான் டாம்பா பேயின் மேலாளரானார். அங்கே அவர் சேர்த்துக்கொண்ட உதவியாளர்தான் பிரிஸ்புவா. புகழ் கதவைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் வேலையை எல்லோரும் முதலிலிருந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

சம்பளத் தகராறில் 2004-05 பருவம் முழுக்க ரத்தானது. அதிலிருந்து மீண்டபோது ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு வந்தது. 2005-06-ல் 3.9 கோடி டாலர், 2025-26-ல் 9.55 கோடி. இதைத் தாண்டக் கூடாது. அதோடு ஓர் அணி 50 வீரர் ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, முதன்மை அணிப் பட்டியலில் 23 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த மூன்று சுவர்களுக்குள்தான் மேலாளரின் முழு வாழ்க்கையும்.

உச்சவரம்பு நாள் கணக்கில் ஓடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பருவத்தை 190 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே 10 லட்சம் டாலர் இடத்தைத் தொடாமல் வைத்திருக்கும் அணி, 40 நாள் மிச்சமிருக்கும்போது ஆண்டுக்கு 47.5 லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் வீரரை உள்ளே கொண்டுவரலாம். அந்த 40 நாளுக்கு அவர் தின்பது அதே 10 லட்சம்தான். மார்ச் மாத வீரர் பரிமாற்றக் கெடுவில் சில அணிகள் மட்டும் பெரிய வீரரை வாங்க முடிவது இதனால்தான். அந்தப் பணத்தை அக்டோபரிலேயே காத்து வைத்தவர் உதவிப் பொது மேலாளராக இருப்பார். செய்தியில் அவர் பெயர் வராது.

உங்கள் மகன் குறிவைக்க வேண்டியது அந்த உதவியாளர் வேலையை. அதிலும் குறிப்பாக, ஏஹெச்எல் எனப்படும் கீழ்நிலை லீகில் உள்ள துணை அணியை நடத்தும் வேலையை. பயிற்சிக்கூடம் என்றால் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரிஸ்புவா முதலில் மாண்ட்ரியலின் துணை அணியான ஹாமில்டனை நடத்தினார். அது 2007-ல் ஏஹெச்எல்லின் கால்டர் கோப்பையை வென்றது. பிறகு டாம்பாவின் துணை அணியான நார்ஃபோக். 2012-ல் அது தொடர்ந்து 28 ஆட்டங்களை வென்று, கோப்பையையும் எடுத்தது. அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் கூப்பர், வீரர்களில் டைலர் ஜான்சன், ஒந்த்ரே பலாத் எல்லோரும் பின்னர் டாம்பாவுக்கே மேலே போனார்கள். அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பலாத் 7-வது சுற்றில் எடுக்கப்பட்டவர், ஜான்சனை யாருமே எடுக்கவில்லை. ஜிம் நில் டெட்ராய்ட்டில் சுமார் 15 வருஷம் உதவி மேலாளராக இருந்துவிட்டு 2013-ல் டாலஸுக்கு மேலாளராகப் போனவர். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் சிறந்த மேலாளர் விருது அவருக்குத்தான். பாஸ்டனின் டான் ஸ்வீனி அதன் துணை அணியான ப்ராவிடன்ஸிலும், கைல் டூபஸ் டொராண்டோவின் துணை அணியான மார்லீஸிலும் இதே பள்ளியில் படித்தவர்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் முதன்மை அணியின் வலக்கைத் தடுப்பாட்டக்காரருக்குக் கணுக்கால் போய்விடுகிறது. மறுநாள் இரவே வேறு ஊரில் ஆட்டம். யாரை மேலே அழைப்பது? காயப்பட்டோர் பட்டியலில் போட்டால் 23-ல் ஓர் இடம் காலியாகும், ஆனால் அவர் சம்பளம் கணக்கில் நிற்கும். அவருக்குப் பதில் ஆள் சேர்க்க உச்சவரம்பைத் தாண்ட விடும் நீண்டகாலக் காயச் சலுகை வேண்டுமென்றால் குறைந்தது 10 ஆட்டங்களும் 24 நாட்களும் அவர் ஆட முடியாத நிலை இருக்க வேண்டும். அதற்கு மருத்துவர் சொல் வேண்டும், அது காலைக்குள் வராது. ஆக இன்றைய கையிருப்பில் அடங்கும் ஆள்தான் வேண்டும். துணை அணியில் நன்றாக ஆடுபவர் இருக்கிறார், ஆனால் அவருக்கு வெய்வர்ஸ் விலக்கு முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவர் மேலே வந்து 10 ஆட்டம் ஆடினாலோ 30 நாள் பட்டியலில் இருந்தாலோ, திரும்பக் கீழே அனுப்பும்போது 24 மணி நேரம் எல்லா அணிகளின் முன்பும் வைக்கப்பட வேண்டும். வேண்டிய அணி சும்மா எடுத்துக்கொண்டு போய்விடும். 18 வயதில் ஒப்பந்தமான பையனுக்கு 5 வருஷம் அல்லது 160 ஆட்டம் வரை இந்த ஆபத்து இல்லை. 25 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவருக்கு ஒரே வருஷம்தான் விலக்கு.

சரி, இளைஞனை அழைத்தாயிற்று. இப்போது துணை அணியில் ஓட்டை. ஈசிஹெச்எல் என்ற அதற்கும் கீழுள்ள லீகிலிருந்து ஒருவரை 25 ஆட்டப் பரிசோதனை ஒப்பந்தத்தில் காலைக்குள் வரவழைக்க வேண்டும். வருபவர் அனுபவசாலியாக இருந்தால் இன்னொரு விதி குறுக்கே நிற்கும். ஏஹெச்எல்லில் கோல்கீப்பர்கள் தவிர ஆட்டத்துக்கு இறங்கும் 18 வீரர்களில் 13 பேர் வளரும் நிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும். அதில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டியிருக்கக் கூடாது, ஒருவருக்கு மட்டும் 320 வரை சலுகை. இதையெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு மனத்தில் ஓட்டி, பன்னிரண்டு மணிக்கு விமானச் சீட்டு போட்டிருக்க வேண்டும். ஒரு பருவத்தில் இது பல தடவை நடக்கும். ஐந்து வருஷம் இதைச் செய்தவருக்கு விதிப்புத்தகம் கைரேகை மாதிரி ஆகிவிடும். முன்னாள் வீரராக இருந்தாலும் இதைச் செய்யாதவர் மேலாளரானால் பக்கத்தில் இருப்பவரை நம்பித்தான் காலம் தள்ள வேண்டும்.

காகித வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் ஊரறிந்தவை. 2009-ல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் தன் இளம் வீரர்கள் பலருக்கு அனுப்ப வேண்டிய தகுதிக் கடிதங்களைக் கெடுவுக்குள் சேர்ப்பிக்கவில்லை. ஓர் இளம் வீரரின் மீது உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள, ஜூன் இறுதிக்குள் குறிப்பிட்ட தொகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் முன்வைக்க வேண்டும். தவறினால் அவர் எந்த அணிக்கும் போகலாம். வீரர் சங்கம் ஆட்சேபித்தது. சிகாகோ அவசர அவசரமாக க்றிஸ் வெர்ஸ்டீக், காம் பார்க்கர் முதலானோரைக் கூடுதல் விலைக்கு ஒப்பந்தம் செய்தது. ஜூலையிலேயே டேல் டாலன் மேலாளர் பதவியிலிருந்து நகர்த்தப்பட்டார். அந்த அணியைப் பெரிதும் உருவாக்கியவர் அவர். அடுத்த ஜூனில் அணி கோப்பையை வென்றபோது வேறொருவர் மேலாளர். உடனே உச்சவரம்பு நெருக்கியதில் பஃப்லின், லாட், வெர்ஸ்டீக் ஆகிய வீரர்களை விற்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, எவ்கெனி தாதோனோவ் விவகாரம். அவர் ஒப்பந்தத்தில் தன்னை அனுப்பக் கூடாத 10 அணிகளின் பட்டியல் கொடுக்கும் உரிமை இருந்தது. 2021-ல் ஒட்டாவா அவரை வேகஸுக்கு அனுப்பியபோது அந்த விவரம் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2022 மார்ச்சில் வேகஸ் அவரை அனாஹைமுக்கு அனுப்பியது. அனாஹைம் அந்தப் பட்டியலில் இருந்தது. லீக் பரிமாற்றத்தையே ரத்து செய்தது. 2023 நவம்பர் 1 அன்று ஒட்டாவா டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றை இழக்க வேண்டும் என்று தண்டனை வந்தது, அன்றே அதன் பொது மேலாளர் பியர் டோரியோனும் போனார். முதல் சுற்றுத் தேர்வு என்றால் பத்து வருஷம் அணியைத் தாங்கக்கூடிய ஒரு வீரர். ஒரு பக்கக் காகிதத்துக்கு இவ்வளவு விலை.

ஸ்கவுட் வழி நீளமானது. ஆண்டுக்குச் சுமார் 200 ஆட்டம், பாதி நாள் நெடுஞ்சாலையில், குளிர் உறையும் அரங்குகளில். டிராஃப்டின் 7 சுற்றுகளில் 32 அணிகளும் சேர்ந்து எடுப்பது 224 பேர். முதல் பத்துப் பேரை எல்லோருக்கும் தெரியும். ஸ்கவுட்டின் பெயர் நிற்பது கீழ்ச் சுற்றுகளில்தான். டெட்ராய்ட்டின் ஸ்வீடன் ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன் சொல்லித்தான் 1998-ல் 171-வதாக பாவெல் தத்ஸ்யூக்கையும், 1999-ல் 210-வதாக ஹென்ரிக் ஸெட்டர்பெர்க்கையும் எடுத்தார்கள். 19 வயதில் இந்த வழி உங்கள் மகனுக்குத் திறந்தே இருக்கிறது. ஜூனியர் அணிகளுக்குப் பகுதிநேரமாக அறிக்கை எழுதுபவர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். ஆனால் "வேகமாகச் சறுக்குகிறான்" என்று எழுதினால் யாரும் இரண்டாம் அறிக்கை கேட்க மாட்டார்கள். பின்னோக்கிச் சறுக்கும்போது எந்தப் பக்கம் திரும்பத் தடுமாறுகிறான், நெருக்கடியில் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எங்கே தள்ளுகிறான், மூன்றாம் கட்டத்தில் கால் தளர்கிறதா என்று எழுத வேண்டும்.

புள்ளியியலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டல்ஸ்கி வேறு துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஹாக்கி பற்றி எழுதியவர். எதிரணிப் பகுதிக்குள் பக்கைக் கையில் வைத்தபடி நுழைவது, தூக்கியெறிந்துவிட்டுத் துரத்துவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கோல் முயற்சிகளைத் தருகிறது என்பதை, ஒளிப்பதிவுகளை ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு நுழைவாகக் கையால் குறித்து நிறுவினார்கள் அவரும் கூட்டாளிகளும். 2014-ல் கரோலினா அவரைப் பகுதிநேர ஆலோசகராக எடுத்தது, 2020-ல் உதவி மேலாளராக்கியது, 2024-ல்தான் மேலாளராக்கியது. பத்து வருஷம். கணினி அறைக்குள்ளேயே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பேரம், பரிமாற்றம், ஊழியர் நிர்வாகம் எல்லாவற்றிலும் கை வைத்ததால் நடந்தது.

விளையாட்டு மேலாண்மைப் படிப்பில் ஒரு எச்சரிக்கை. அது படித்தவர்களை அணிகள் அதிகம் எடுப்பது டிக்கெட் விற்பனைக்கும் விளம்பரதாரர் பிரிவுக்கும். அந்தப் பிரிவிலிருந்து ஆட்டப் பிரிவுக்குக் கடப்பது மிகவும் அரிது. "எப்படியாவது உள்ளே நுழைந்துவிடலாம்" என்று அந்த வேலையை எடுக்க வேண்டாம். டூபஸ் இதே படிப்பை ப்ராக் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். ஆனால் அவர் சூ செயின்ட் மேரி ஜூனியர் அணியில் சிறுவயதிலிருந்தே வேலை செய்து, ஏஜென்ட்டாகி, 25 வயதில் அந்த அணிக்கே பொது மேலாளராக இருந்தார். அந்த அணி ஆடும் ஒன்டாரியோ ஹாக்கி லீக் என்ற ஜூனியர் லீகில் 20 அணிகள் உள்ளன. ஓஷாவாவும் பிராம்ப்டனும் உங்களுக்குக் கார் தூரம். சிறிய அலுவலகம் என்பதால் அங்கே ஒரே ஆள் ஒளிப்பதிவு வெட்டுவார், பயணம் பார்ப்பார், வீரர் பட்டியலும் எழுதுவார். 2024-ல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீகையும் விட்டுவிட வேண்டாம். டொராண்டோ அணி அதில் இருக்கிறது, அலுவலகங்கள் சிறியவை, ஆள் தேவை.

இந்தக் கோடையில் அவர் செய்யக்கூடியது ஒன்று. லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் பொதுவெளியில் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம். வெய்வர்ஸ், தகுதிக் கடிதம், உச்சவரம்பு ஆகிய பகுதிகளை முதலில் படிக்கட்டும். 2026 செப்டம்பரிலிருந்து புதிய கூட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு; அதில் வீரர் ஒப்பந்தத்தின் நீளம், சொந்த வீரருக்கு 8 வருஷம் என்ற உச்சம் 7 ஆகவும், வெளி வீரருக்கு 7 என்பது 6 ஆகவும் குறைகிறது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. பிறகு ஏதாவது ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அதன் ஒப்பந்தங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒவ்வொரு நாளும் அந்த அணி செய்யும் மாற்றத்தைப் பதிந்து, ஏன் இவரை அழைத்தார்கள், ஏன் அவரை அழைக்கவில்லை என்று காரணம் எழுதிக்கொண்டு வரட்டும். வேலை கேட்டுப் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போகலாம். ஸ்கவுட்டுகள், உதவியாளர்கள் பலரின் ஒப்பந்தம் ஜூன் 30-ல் முடியும். அதையொட்டிய வாரங்களில்தான் இடங்கள் காலியாகின்றன, விண்ணப்பம் அப்போது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.