செல் சவ்வில் இருக்கும் புரதங்களுக்கும் புற்றுநோய் பரவுவதற்கும் என்ன தொடர்பு?

கேள்வியோடு சேர்த்து, “அம்மாவின் மார்பகக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தால் பரவிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள், உண்மையா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நான் மலேசியாவின் பினாங்கில் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் 14 வருடமாக இருக்கிறேன். கட்டியிலிருந்து எடுத்த சதையை மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி மருத்துவரின் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புவது என் வேலை.

கட்டியிலிருந்து ஒரு செல் கழன்றுவிட்டால் மட்டும் நோய் பரவிவிடாது. பக்கத்துச் செல்லை விட வேண்டும், சுற்றியுள்ள நாரை அறுத்து வழி செய்ய வேண்டும், இரத்தத்தில் உயிரோடு இருக்க வேண்டும், வேறோர் உறுப்பில் போய்ப் பிடித்து வளர வேண்டும். பெரும்பாலான செல்கள் வழியிலேயே செத்துப்போகும். ஒவ்வொரு படியிலும் செல்லின் மேலுறையான சவ்வில் எந்தப் புரதம் இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பது முக்கியம்.

முதலில் இ-கேட்ஹெரின். பக்கத்துச் செல்லோடு கைகோத்து நிற்கும் புரதம் இது; கால்சியம் இருந்தால்தான் பிடி நிற்கும். மார்பகப் புற்றில் லோபுலார் என்ற வகையில் பெரும்பாலும் இந்தப் புரதமே இருக்காது. சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்கள் எறும்பு போல ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போயிருக்கும். கையில் தட்டுப்படும் கட்டியாகப் பல நேரம் திரளாததால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயிலும் சில நேரம் தப்பிவிடும். ஆனால் பிடியை விட்டால்தான் பரவும் என்று நினைத்துவிடாதீர்கள். கைகோத்தபடியே கொத்தாக இரத்தத்தில் போகும் செல்களும் உண்டு. தனிச் செல்லைவிட அவை பிழைத்து வளரும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து இன்டக்ரின். செல்லுக்கு வெளியே இருக்கும் கொலாஜன் போன்ற நாரில் காலூன்ற உதவுவது இதுதான். காலூன்ற இடமில்லாவிட்டால் இயல்பான செல் தானே செத்துவிடும். புற்றுச் செல் அந்தச் சாவைத் தள்ளிப்போடப் பழகியிருக்கும். நாரை அறுக்கும் நொதிகளில் சிலவும் சவ்விலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன.

இதை நான் வீட்டு ஆளிடமே சொல்ல வேண்டி வந்தது. என் அத்தை பட்டர்வொர்த்தில் இருக்கிறார். மார்பில் கட்டி தெரிந்தும், “கத்தி பட்டா பரவிடும்” என்று தாமானில் (குடியிருப்பில்) யாரோ சொன்னதைக் கேட்டு ஆறு மாதம் யாரிடமும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்தபோது அக்குளில் நெறி கட்டியிருந்தது. எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த அன்று, ஃபெர்ரி படகில் திரும்பி வரும்போது கேட்டார்: “ஐயா, மார்ல வந்தது எதுக்கு எலும்புக்குப் போவுது? நடுவுல எத்தனை எடம் இருக்கு?”

இதே கேள்வியை லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இல் கேட்டார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்து, நோய் கண்டபடி பரவவில்லை, விதைக்கு ஏற்ற மண் இருக்கும் உறுப்பில்தான் முளைக்கிறது என்று எழுதினார். மண் என்று அவர் சொன்னதில் ஒரு பகுதி 2001-இல் தெரிய வந்தது. மார்பகப் புற்றுச் செல்களின் சவ்வில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற புரதம் நிறைய இருந்தது. அது மோப்பம் பிடிக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற பொருள் எலும்பு மஜ்ஜை, நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகிய இடங்களில் அதிகம். அத்தையிடம், “வாசம் பிடிச்சுப் போகுது அத்தை” என்றேன். புரிந்தது போல் தலையாட்டினார்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். ஊசி நுழைந்த தடத்தில் சில செல்கள் சிந்தலாம், அதை மறைக்க மாட்டேன். மார்பகத்தில் அப்படிச் சிந்தியவை புதுக் கட்டியாக வளர்வது மிக அரிது. ஆனால் அந்தச் சதைத் துண்டு இல்லாமல் சவ்வில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 புற்றுகளில் ஹெர்-2 என்ற சவ்வுப் புரதம் மிதமிஞ்சி இருக்கும். இயல்பான செல் ஒன்றில் அந்தப் புரதம் சில பத்தாயிரம் இருக்கும். இவற்றில் 20 லட்சம் வரை போகலாம். பெருகு, நகரு என்று உள்ளே ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் புரதம் அது. ஹார்மோன் ஏற்பிகளைப் பார்க்கும் மற்ற பரிசோதனைகளான ஈஆர், பிஆர் இரண்டிலும் செல்லின் நடுவில் உள்ள கரு நிறமேறும். ஹெர்-2-வில் ஓரம் மட்டும் பழுப்பாகும். நிறத்தின் அழுத்தத்துக்கு மதிப்பெண் போடுவார்கள்; 3+ என்றால் கோழிக்கூண்டுக் கம்பிவலை போல் அழுத்தமாகத் தெரியும். 2+ என்றால் சந்தேகம், மரபணுச் சோதனை செய்து உறுதி செய்வார்கள். ஹெர்-2 அதிகமான புற்று முன்பு வேகமாகப் பரவி உயிரைக் குடிக்கும் வகையாக இருந்தது. அதே புரதத்தைப் பிடித்து அடக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின் நிலைமை மாறிவிட்டது.

அம்மாவுக்கு இந்த மருந்து பொருந்துமா என்பதைச் சதைப் பரிசோதனைதான் சொல்லும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அத்தைக்கு 3+ வந்தது. எலும்பு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஒரு வருடம் அந்த மருந்தை ஊசியாகப் போட்டு முடித்துவிட்டார். எடுத்த நெறிகளில் இரண்டில் புற்றுச் செல்கள் இருந்தன. அந்த ஆறு மாதத்தில்தான் அவை அங்கே போய்ச் சேர்ந்தனவா என்று எந்த ஸ்லைடும் எனக்குச் சொல்லவில்லை.