காந்தம் ஒட்டாவிட்டால் மோனெல் ஆகிவிடுமா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். போன வருஷம் மாட்டிய, விசிறியைச் சுழற்றும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஷாஃப்ட், ஸ்டெர்ன் டியூபுக்குள் (படகின் பின்பக்கம் ஷாஃப்ட் வெளியேறும் குழாய்) இருக்கும் பகுதியில் மட்டும் குழிகுழியாக அரித்துவிட்டது. உடைத்த கப்பலிலிருந்து வந்த மோனெல் கே-500 ஷாஃப்ட் என்று ஒரு தரகர் காட்டுகிறார். காந்தம் ஒட்டவில்லை, அசல்தான் என்கிறார். வாங்கலாமா?

பதில்: காந்தத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 304, 316, ஏன், பாத்திரக்கடை 202 எஸ்.எஸ்.ஸில்கூடக் காந்தம் ஒட்டாது.

மோனெல் என்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல். மீதி பெரும்பாலும் செம்பு. அதில் 400 ரகம் மட்டும் ஒரு விசித்திரம். உச்சி வெயிலில் காந்தம் ஒட்டாத அதே கம்பி, மீன் ஐஸில் புதைத்து எடுத்தால் லேசாக ஒட்டலாம். அதனால் ஒட்டினாலே போலி என்று தூக்கிப் போடவும் முடியாது. ஆனால் கே-500 ஐஸில் வைத்தாலும் ஒட்டாது. ஒட்டினால், அது தரகர் சொல்லும் கே-500 இல்லை.

காந்தத்தைவிடத் தராசு மேல். 50 மி.மீ. விட்டம், 1 மீட்டர் நீளம்: மோனெல் கே-500 என்றால் சுமார் 16.5 கிலோ, எஸ்.எஸ். என்றால் 15.7 கிலோவுக்குள். எடை குறைந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

எடை சரியாக வந்தால் எக்ஸ்ரே துப்பாக்கிச் சோதனை. சில விநாடியில் நிக்கல் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று காட்டிவிடும். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒன்று இருக்க வேண்டிய கருவி. அதற்காக மீனவர் வெளியூர் லேப் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

சான்றிதழ் என்று நீட்டுவார்கள். அதிலுள்ள ஹீட் நம்பர் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) கம்பியிலும் குத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் ஜெராக்ஸ். ஒரே ஜெராக்ஸை நூறு கம்பிக்குக் காட்டுவார்கள்.

உங்கள் பழைய ஷாஃப்ட் போனதற்குக் காரணம், டியூபுக்குள் தேங்கிய தண்ணீர். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் எஸ்.எஸ்.ஸின் காப்புப் படலம் கிழிந்தால் மறுபடி கட்டாது. தண்ணீர் அசையாமல் நின்றால் மோனெலிலும் கொட்டலசுக்கு (ஒட்டி வளரும் சிறு சிப்பி போன்ற கடலுயிர்) அடியில் குழி விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகைத் தண்ணீரிலேயே கட்டிப் போடாதீர்கள். மோனெல் போட்டால் வெண்கல விசிறி முதலில் அரிக்கும். விசிறிக்குப் பதிலாகத் தான் அரிந்து காப்பாற்றும் ஜிங்க் கட்டி கட்டாயம் வேண்டும். பழைய ஷாஃப்ட் என்பதால் சாவிக்காடியில் (விசிறியைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) விரிசல் இருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.

ரகத்தின் பெயரைப் பில்லில் எழுதி, சோதனையில் தவறினால் பணம் திருப்பித் தருவேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.