வக்கீல் இல்லாமல் நிறுவனம் வழக்காடலாமா? கேள்வி பதில்

கேள்வி: என் பெயரிலேயே தொழில் செய்கிறேன். வாடிக்கையாளர் பாக்கி வைத்துவிட்டார். சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் நானே வாதாடலாமா?

பதில்: தாராளமாக வாதாடலாம். தனிநபர் தொழிலில் உரிமையாளரும் தொழிலும் சட்டத்தின் பார்வையில் ஒருவரே. எதிர்த் தரப்பின் பதிவுப் பெயரை மட்டும் சரிபார்த்து மனுவில் எழுதுங்கள்; தவறான பெயரில் பெற்ற தீர்ப்பைக் கொண்டு பணம் வசூலிப்பது மிகக் கடினம்.

கேள்வி: என்னுடையது லிமிடெட் நிறுவனம். பங்குகள் அனைத்தும் என்னிடமே உள்ளன. அப்படியானால் நிறுவனம் என்பது நான்தானே?

பதில்: இல்லை. நிறுவனத்தின் கடன் உங்கள் சொந்தச் சொத்தைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான் அதைத் தனிச் சட்ட நபராகப் பதிவு செய்தீர்கள்; அந்தப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்ட பிறகு, வழக்கு வரும்போது மட்டும் இருவரும் ஒருவரே என்று கூற முடியாது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிறுவனம் வக்கீல் மூலமாகவே முன்னிலையாக வேண்டும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1993-இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆனால் சிறு உரிமைகோரல் நீதிமன்றங்கள் பல இடங்களில் இதற்கு விலக்கு. கலிபோர்னியாவில் முதல் விசாரணையில் வக்கீல் வாதாடவே அனுமதியில்லை. இயக்குநரோ அதிகாரியோ ஊழியரோ நிறுவனத்தின் சார்பில் வரலாம், ஆனால் வழக்காடுவதற்கென்றே வேலைக்கு வைத்தவராக அவர் இருக்கக் கூடாது. சிங்கப்பூரின் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திலும் வக்கீல்களுக்கு இடமில்லை. இங்கிலாந்தில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வென்றாலும் அவருடைய கட்டணத்தை எதிர்த் தரப்பிடமிருந்து பொதுவாகப் பெற முடியாது.

கேள்வி: இந்தப் பதிலை ஏற்க முடியவில்லை. வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாத சிறு நிறுவனத்திற்கு இது அநீதி அல்லவா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. பெரிய நீதிமன்றங்களில் இவ்விதி சிறியவர்களையே அதிகம் அழுத்துகிறது என்பதை நானும் ஏற்கிறேன். எனினும் பிறருக்காக வாதாடுபவர் தொழில் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. என்னைக் கேட்டால், வாதாட வேண்டியது கோரிக்கையின் உச்சவரம்பைப் பற்றித்தான்: கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், நிறுவனத்திற்கோ 6,250 டாலர்தான்.

கேள்வி: நிறுவன உரிமையாளர் நேரில் போகலாமா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தோற்றால் மேல்முறையீடு உண்டா?

பதில்: கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தவருக்கு அவருடைய கோரிக்கையின் மீது மேல்முறையீடு கிடையாது. பிரதிவாதிக்கு உண்டு, அங்கே வக்கீலும் வரலாம். ஆகவே ஒப்பந்தம், பில், கடிதங்கள் அனைத்தையும் முதல் விசாரணைக்கே கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: வேலையிலிருந்து நீக்கிய ஊழியர் எங்கள் மீது வழக்குத் தொடுத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: இது என் துறையன்று. தொழிலாளர் சட்டம் அறிந்த வக்கீலை உடனே பாருங்கள்.

கேள்வி: பெயர்ப்பலகையில் இருந்த பெயரிலேயே மனு போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: முதல் பதிலிலேயே எச்சரித்தேன். பதிவுப் பெயரைக் கண்டறிந்து, விசாரணைக்கு முன்பே மனுவைத் திருத்த அனுமதி கேளுங்கள்.