முகம் பூரித்தால் இளமையா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமானிலிருந்து 53 வயது அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையில் பழம் பொறுக்கி, இப்போது பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம், இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. "போட்டோவில் பார்த்தால் எனக்கே நான் கிழவி மாதிரி தெரிகிறேன். கோயிலில் பழக்கமான ஒரு பெண் செட் விற்கிறார், 480 வெள்ளி. முகத்துக்கு முத்துக் கிரீம், கொலாஜன் தூள், முட்டிவலிக்கும் தெம்புக்கும் ஒரு மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். முட்டிவலி மூன்றே நாளில் போய்விட்டது, முகமும் பூரித்துச் சுருக்கமே இல்லாமல் ஆகிவிட்டது. கேகேஎம் லுலுஸ், அதாவது சுகாதார அமைச்சே ஒப்புதல் கொடுத்தது என்று வேறு சொல்கிறார்கள். வாங்கலாமா? வேண்டாமென்றால் வேறு என்ன செய்வது?"

வாங்காதீர்கள் அக்கா. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு உங்களைவிட உங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றித்தான் கவலை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பார்மசி கவுண்டருக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேல் நின்றுவிட்டேன். முட்டி தேய்ந்த வலியை மூன்றே நாளில் துடைத்துப் போடும் மூலிகையை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அப்படித் துடைப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. மூலிகை, மஜுன், ஜாமு என்று வெளியே படம் போட்டு, உள்ளே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது நம் நாட்டில் பழைய கதை. சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்துத் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போனால் வலி போகும், நன்றாகப் பசிக்கும், உடம்பில் தெம்பு வந்த மாதிரி இருக்கும். நாள் போகப் போக கன்னத்தில் கொழுப்பும் நீரும் சேர்ந்து முகம் நிலா மாதிரி வட்டமாகும். வட்டமானால் சுருக்கம் மறையும்தானே? "அட, பத்து வயசு குறைஞ்சிருச்சே" என்று ஊரே சொல்லும். உள்ளே என்ன நடக்கிறதென்றால், சீனி ஏறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, எலும்பு வலுவிழக்கிறது, வயிறு பெருத்துக் கைகால் சூம்புகிறது, லேசாக இடித்தாலே தோலில் நீலம் கட்டுகிறது. இந்த மாத்திரையில் அதுதான் இருக்கிறது என்று பார்க்காமல் நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே பொருந்துகிறது.

சரி, அப்படியானால் உடனே தூக்கிக் குப்பையில் போடச் சொல்லலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும், இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே தினமும் சுரந்துகொள்ளும், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகளுக்கு அதுதான் வேலை. வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அது உடனே எழுந்து வராது, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஆள் அப்படியே துவண்டு போவார், வாந்தி வரும், தலை சுற்றும், அழுத்தம் இறங்கி மயக்கம் போடும், அந்த நேரம் பார்த்து காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று நான்கு நாள் மட்டும் சாப்பிட்டவர் நிறுத்திவிடலாம். மூன்று வாரத்துக்கு மேல் போய்விட்டவர் தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரையையும் அது வந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவர்கள் சோதித்துப் பார்த்து, தேவையென்றால் சரியான மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம், திட்டட்டும். நடுவில் எந்தக் காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, முதலில் இதைச் சொல்லச் சொல்லுங்கள். இன்றைக்கே அந்த அக்காவிடம் பேசுங்கள்.

அடுத்து முத்துக் கிரீம். பெயர்தான் முத்து. ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் கிரீம்களில் அமைச்சு கண்டுபிடிப்பது பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பெட்டாமெதசோன் (இதுவும் ஒரு ஸ்டீராய்டு), பெரும்பாலும் இந்த நான்கும்தான், ஒன்றோ இரண்டோ சேர்த்து. தோல் உரிந்து பளபளவென்று வரும், ஆனால் அது மெலிந்த தோல், கொஞ்ச நாளில் கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடும், கிரீமை நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கும், கறுக்கிறதே என்று மறுபடி அதே டப்பாவை வாங்குவீர்கள், வியாபாரமே அதுதான். பாதரசம் இன்னும் மோசம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உங்கள் கன்னத்திலிருந்து தலையணைக்கும் அதிலிருந்து பக்கத்தில் படுக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். (ட்ரெட்டினோயின் டாக்டர் பார்த்து எழுதித் தந்தால் சுருக்கத்துக்கு உண்மையிலேயே வேலை செய்யும் மருந்துதான். கோயில் வாசலில் விற்கிற சாமான் இல்லை.)

மூன்றில் சாது கொலாஜன் தூள். கெடுதல் இல்லை. வயிற்றுக்குள் போனதும் அதுவும் மற்றப் புரதம் மாதிரி உடைந்துதான் போகும், நேராக முகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. தோலின் ஈரம் லேசாகக் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றில் பலவும் விற்கிற கம்பெனிக்காரர்களே காசு போட்டவை. அந்த 480 வெள்ளிக்கு, தினம் இரண்டு முட்டை என்று ஒரு வருடத்துக்கு வாங்கிவிடலாம்.

இந்தக் 'கேகேஎம் லுலுஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. மருந்து, பாரம்பரிய மருந்து என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் உள்ள பதிவு எண் இருக்க வேண்டும், கூடவே பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்துக்குக் கடைசி எழுத்து 'டி'. முகக் கிரீமுக்கு இருப்பது என்.ஓ.டி. என்று தொடங்கும் எண். அதற்கு அர்த்தம், 'இப்படி ஒரு பொருளை விற்கப் போகிறோம்' என்று கம்பெனிக்காரர் அமைச்சுக்கு அறிவித்திருக்கிறார் என்பது மட்டுமே. விற்பனைக்கு முன்னால் யாரும் டப்பாவைத் திறந்து சோதிப்பதில்லை. அதில் 'லுலுஸ்' எங்கே வந்தது? எந்த எண்ணானாலும் மருந்துகளைப் பதிவு செய்யும் அமைச்சின் பிரிவான என்பிஆர்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள், பெயரும் கம்பெனியும் பொருந்த வேண்டும், ஏனென்றால் வேறொரு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்களும் உண்டு. மகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பதிவில்லாத மருந்து விற்றால் தனி ஆளுக்கு முதல் தடவையே 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தாளில் இருக்கிறது. அமைச்சு ஒரு பெயரை அறிவித்ததும் அதே சாமான் வேறு டப்பாவில், வேறு பெயரில் வாட்சப்பில் வந்துவிடுகிறது. அறிவிப்பு மலாயில் வருகிறது, யாருக்குத் தெரிய வேண்டுமோ அந்தப் பாட்டி தமிழ் வானொலி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒருமுறை ஒரு மாத்திரையைப் பற்றிப் புகார் எழுதினேன், பதில் வருவதற்குள் அதை விற்றவர் வேறு சாமானுக்கு மாறிவிட்டிருந்தார். விற்கிறவர்களும் நம் ஆட்கள்தான், அதுதான் வயிற்றெரிச்சல். 55 வயதில் இபிஎப் சேமநிதிப் பணம் கைக்கு வந்த வாசனை தெரிந்து வருவார்கள், 'நீங்களும் சேருங்கள், கீழே நாலு பேரைச் சேர்த்தால் உங்கள் செட்டு இலவசம்' என்பார்கள். உங்களிடமும் கட்டாயம் சொல்லியிருப்பார், கடிதத்தில் விட்டுவிட்டீர்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். ஐந்து மாதம் நல்ல அவகாசம்.

சட்டைக் கையை மேலே தூக்கி, கக்கத்துக்குப் பக்கத்தில் உள்கையைப் பாருங்கள். அப்புறம் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே 53 வயதுதான். வித்தியாசம் பெரும்பாலும் வெயில். பால்மரத்தடியில் நிழலாவது இருந்தது, பழம் பொறுக்கியதும் மோட்டாரில் போய் வந்ததும்தான் முகத்தில் எழுதியிருக்கிறது. நம் கடிகாரம் 1982-இல் அரைமணி நேரம் முன்னால் தள்ளப்பட்டதால் இங்கே உச்சிவெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில். ஆகவே பதினொன்றிலிருந்து நாலு வரை எச்சரிக்கை. கேன்டீன் முடிந்து வீட்டுக்குப் போவது சரியாக அந்த நேரத்தில்தானே? தொப்பி, முழுக்கைச் சட்டை, எஸ்பிஎப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காதுமடல் எல்லாம் பூசுங்கள், பொட்டு வைக்கிற அளவு பூசினால் பூசாத மாதிரிதான். விலை கூடியது வேண்டாம், பார்மசியில் கிடைக்கும் சாதாரணமானது போதும். இதுவரை ஆனதை இது அழிக்காது. இனிமேல் ஆவதைக் குறைக்கும், ஐந்து மாதத்தில் நிறம் கொஞ்சம் சீராகும். குளித்ததும் ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்றும் பூசுங்கள். மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில் தோலிலுள்ள கொலாஜன் வேகமாகக் குறையும், தோல் வறண்டும் போகும்.

அப்புறம் தே தாரேக். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று நீங்கள் எழுதவில்லை, கேன்டீனில் வேலை என்றால் எனக்கே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு வந்துவிடுங்கள். இரத்தத்தில் சீனி அதிகமாகச் சுற்றினால் அது கொலாஜனில் ஒட்டி அதை விறைப்பாக்கிவிடும், ரப்பர் பழசானால் வெடிப்பது மாதிரி. அதைவிடப் பெரிய காரணம், 2019 தேசியச் சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் நம் ஆட்கள்தான் முன்னால் நிற்கிறோம். இந்த ஒன்றில் மட்டும் முதலிடம்.

முட்டிவலிக்கு மாத்திரையைவிடத் தொடைதான் மருந்து. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருங்கள், மெதுவாக உட்காருங்கள், பத்துத் தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் ஐந்து தடவைதான் முடியும், பரவாயில்லை. குத்துகிற மாதிரி வலித்தால் நிறுத்திவிட்டு உயரமான நாற்காலிக்கு மாறுங்கள். ஐம்பதுக்கு மேல் சதை கரைந்துகொண்டே போகும், ஆளைக் கிழமாகக் காட்டுவது முகச் சுருக்கத்தைவிட எழுந்து நடக்கிற விதம்தான், கல்யாண வீடியோவில் அதுதான் தெரியும். சதை வளரப் புரதம் வேண்டும். கெம்போங் மீன், முட்டை, தெம்பே, பருப்பு, இதில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். குழம்பை ஊற்றிச் சோற்றைக் குவித்துவிட்டு மீனைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைப்பதை நிறுத்துங்கள், பிள்ளைகளுக்குத்தான் கல்யாணமே ஆகப் போகிறதே.

பல்லையும் காட்டிவிடுங்கள். கடைவாய்ப் பல் போனால் கன்னம் ஒட்டும், எந்தக் கிரீமும் அதை நிரப்பாது. வெற்றிலை, புகையிலை இருந்தால் விட்டுவிடுங்கள். தூக்கம் ஏழு மணி நேரம், போனை வேறு அறையில் வையுங்கள்.

சோர்வு இருந்தால் தெம்பு மாத்திரையைத் தேடாமல் இரத்தத்தைச் சோதியுங்கள். 40 வயதுக்கு மேல், உங்கள் குடும்பம் அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குகிறது என்றால், பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் சீனி, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம், சில தனியார் கிளினிக்குகளிலும் உண்டு. 2019-இலிருந்து இருக்கிறது. மைகார்டு எண்ணைக் கொடுத்தால் தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும், யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் புதிதாக எந்த ஃபேஷியலும் வேண்டாம், தோல் சிவந்தால் மறையாது. தலைச்சாயம் போடுவதாக இருந்தால், முன்பு போட்ட பழக்கம் இருந்தாலும், இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு துளி தொட்டு வைத்துப் பாருங்கள். அரித்தாலோ வீங்கினாலோ அந்தப் பெட்டியை விட்டுவிட்டு நரையோடு போய் மணவறையில் நில்லுங்கள், அக்கா.