மழைத்தண்ணீர் வேறு, குசினித்தண்ணீர் வேறு

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறேன். 2008இல் அம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து எனக்கும் தங்கச்சிக்கும் சீதனமாக எழுதித் தந்தார். என் குசினித்தண்ணீரும் முற்றத்து மழைத்தண்ணீரும் தங்கச்சியின் பக்கமுள்ள ஒரு சின்னக் கானால் ஓடித்தான் வீதி வடிகானில் விழும். போன மாதம் தங்கச்சியின் கணவர் மண் போட்டு வளவை உயர்த்தி, எல்லையில் மதில் கட்டி, கான் வாயைக் கொங்கிரீட்டால் அடைத்துவிட்டார். இப்போது ஒரு மழைக்கே குசினிப் படி வரை தண்ணீர் நிற்கிறது. ஆள் பிடித்து அந்த அடைப்பை உடைக்கலாமா?

பதில்: வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், உடைத்த மறுநாள் பொலிசில் முறைப்பாட்டுக்காரர் அவர், சந்தேகநபர் நீங்கள்.

உங்கள் கானில் இரண்டு தண்ணீர் ஓடியிருக்கிறது. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மேட்டு நிலத்து மழை இயல்பாகப் பள்ளத்துக்கு ஓடினால் பள்ளத்துக்காரர் அதை ஏற்கத்தான் வேண்டும் என்பது ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. மண் போட்டு அதை உங்கள் பக்கம் திருப்பிவிட அவருக்கு உரிமையில்லை. இந்தப் பாதியில் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள்.

குசினித்தண்ணீர் கதை வேறு. அதை மற்றவர் காணியால் விட, காணி உறுதியில் எழுதியிருக்க வேண்டும் அல்லது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புச் சட்டப்படி 10 வருடம் உரிமையோடு அனுபவித்திருக்க வேண்டும். வருடக் கணக்கு உங்களுக்குச் சரிதான். ஆனால் "அக்கா என்று பாவம் பார்த்து விட்டோம்" என்று அவர்கள் சொன்னால், அனுமதியோடு அனுபவித்தது உரிமையாகாது. அக்கா தங்கச்சி வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்கும். அதனால் சீதன உறுதியின் அட்டவணையையும் நில அளவைப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். "நீர் வடிந்தோடும் உரிமை" என்று ஒரு வரி இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. இல்லாவிட்டால், கானை யார், எப்போது, எதற்காக வெட்டினார்கள் என்று அம்மாவிடம் ஒரு சத்தியக் கடதாசி வாங்கி வையுங்கள்.

மதிலில் தண்ணீர் நின்ற கறுப்புக் கோடு காய்ந்து மங்குவதற்குள், திகதி தெரியப் படமும் எடுங்கள்.

அப்புறம் பொலிசில் ஒரு முறைப்பாடு. அவர்கள், பிணக்கைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பினால் முகம் சுளிக்காமல் போங்கள். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது. குடும்பப் பிணக்குக்கு அதுவும் நல்லதுதான். சரிவராமல் கைகலப்பு வரும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீங்களே சத்தியக் கடதாசியோடு மனுச் செய்யலாம். அங்கே கிடைப்பது தற்காலிகக் கட்டளை. உரிமையை முடிவாகத் தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுமுன் ஒன்றை யோசியுங்கள். தண்ணீர் தேங்கி நிற்பது உங்கள் வளவில். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவில் இருப்பவரைத்தான் முதலில் கேட்கும். "குசினித்தண்ணீரை ஏன் வீதி வடிகானில் விட்டீர்கள்?" என்றும் அவர் கேட்கலாம். ஆகவே கிணற்றுக்குத் தூரமாக ஒரு கழிவுநீர்க் குழியை இப்போதே வெட்டுங்கள். குழி இருந்தால், தங்கச்சி வீட்டில் நீங்கள் கேட்கப் போவது மழைக்கு ஒரு வழி மட்டும்தான்.