வாசகர் கேள்வி-பதில்: ‘செக்’ என்றால் பார்ப்பதா, தடுப்பதா?

கேள்வி: கிணத்து மோட்டாருக்கு செக் வால்வு, வாளையாருல செக் போஸ்ட், பேங்க்ல செக், கட்டம் போட்ட துணிக்கும் செக்டு. எல்லாம் ஒரே வார்த்தைதானுங்களா?
– பெருந்துறை வாசகர்

பதில்: ஒரே வார்த்தைதானுங்க. வேர் சதுரங்கப் பலகையில் இருக்கிறது. பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். அந்தச் சொல் அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சு என்று வாய்க்கு வாய் திரிந்து, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ‘செக்’ ஆக நுழைந்தது. ராஜாவுக்கு செக் வைத்துவிட்டால் எதிராளி நினைத்த காயை நகர்த்த முடியாது. முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் இந்த வினைச்சொல்லுக்கு மூத்த பொருள் தடுத்து நிறுத்துவது. சரிபார்ப்பது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்து ஒட்டியது.

மூத்த பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கிணற்றடிக்குப் போங்கள். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வும் ஒரு செக் வால்வுதான். தண்ணீர் மேலே வரும்போது உள்ளிருக்கும் மூடி திறக்கும். மோட்டாரை நிறுத்தியதும் விழுந்து அடைத்துக்கொள்ளும். மூடிக்கு அடியில் மண்ணோ சருகோ சிக்கினால் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும், குழாயில் காற்றுப் புகும். மறுநாள் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. தடுக்க வேண்டியது தடுக்கவில்லை, அவ்வளவுதான். ‘செக் டேம்’ என்பதைத் தடுப்பணை என்று தமிழாக்கியவர் சரியான பொருளைப் பிடித்திருக்கிறார். செக் போஸ்டில் வண்டியை நிறுத்துவதும் நடக்கிறது, சோதிப்பதும் நடக்கிறது.

பேங்க் செக், மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டையின் பெயரிலிருந்து வந்தது. சென்னிமலை பெட்ஷீட்டின் கட்டத்துக்குச் சதுரங்கப் பலகையின் கட்டமே பெயர் கொடுத்தது.

கேள்வி: பையருக்கு (துணி வாங்குபவருக்கு) மெயில் எழுதும்போது ‘செக்’, ‘செக் ஃபார்’, ‘செக் வித்’ மூன்றும் குழம்புகிறது.
– திருப்பூர் வாசகர்

பதில்: சோதிக்கும் பொருள் ‘செக்’குக்கு அடுத்து நேராக வரும், தேடும் குறை ‘ஃபார்’ போட்டு வரும். ‘செக் தி ஃபேப்ரிக் ஃபார் ஹோல்ஸ்’ என்றால் துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார். அதையே ‘செக் ஃபார் ஃபேப்ரிக்’ என்று எழுதினால், துணி இருப்பில் உண்டா என்று தேடு என்றாகிவிடும். கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆளுக்கு முன்னால் ‘வித்’ கட்டாயம்: ‘வீ வில் செக் வித் தி டையிங் யூனிட்.’ ‘வித்’தை விட்டுவிட்டால் சாயப்பட்டறையையே சோதிக்கப் போவதாக பையர் புரிந்துகொள்வார்.